தூதுக்கண் பார்த்த பேரன்

மகள் கோமதிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று செய்தி வந்ததும் இசக்கியப்பன் முதலில் செய்த காரியம், தன் பங்குத் தண்ணீரில் அரை டம்ளர் எடுத்துத் தூதுக்கண்ணைக் குளிப்பாட்டியதுதான். செவ்வாய்க் கிரகத்தில், செம்பொழில் குடியிருப்பில், யாரும் உறவுக்காரர் வீட்டுக்கு நேரில் போவதில்லை. கண்ணைத்தான் அனுப்புவார்கள். நான்கு நீள இறக்கைகளும் வயிற்றில் ஒரு படக்கருவியும் கொண்ட அந்தப் பறக்கும் பொறி போய், பார்த்து, திரும்பி வந்து, பார்த்ததைச் சுவரில் காட்டும். போன இடத்தில் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பந்தியில் ஓர் இலையும் போடுவார்கள். இலை போட மறந்த வீட்டோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் செம்பொழிலில் உண்டு.

கோமதியைக் கட்டிக்கொடுத்திருந்தது பள்ளத்தாக்குக்கு அப்பால், தென்கரையில். பாலம் போடுவதென்று தீர்மானம் நிறைவேறி வெகுகாலம் ஆகிறது. பாலம்தான் இன்னும் நிறைவேறவில்லை. சுற்றிக்கொண்டு போகும் ஊர்தி ஆண்டுக்கு ஒருமுறை. வானொலியில் பேச்சு கரகரவென்று வந்து சேரும், படம் வராது. இன்னும் இரண்டொரு நாளில் புழுதிக்காலம் தொடங்கிவிட்டால் கண்ணும் பறக்க முடியாது. புழுதி அடங்குவதற்குள் குழந்தை தவழ ஆரம்பித்துவிடும்.

"பேரன் முகத்தை இப்பமே பாத்துறணுங்க. பொறவு பாத்தா அது வேற முகம்லா" என்றாள் மனைவி சண்முகவடிவு. இசக்கியப்பனுக்கும் அதே தவிப்புதான். ஆண்பிள்ளை என்பதால் அதை இருமலாக மாற்றி வெளியில் விட்டார்.

பேரன் முகம் பார்க்கப் போகிற கண்ணுக்கு ஊர்க்கண் பட்டுவிடக் கூடாதல்லவா? வழக்கமாக ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொள்பவர், அன்று கண்ணாடித் தோட்டத்தில் இருந்ததிலேயே பெரிய பழங்களாகப் பறித்து, இடையிடையே பச்சை மிளகாய் செருகி, நீளமாக ஒரு சரம் கட்டிக் கண்ணின் அடியில் தொங்கவிட்டார். கண் வெளிமுற்றத்திலிருந்து எழும்பியது. தென்னை உயரம் போனதும், வேலை முடிந்தது போல நான்கு இறக்கைகளையும் நிறுத்தியது. பூமியை விடச் செவ்வாயில் எல்லாமே மெதுவாகத்தான் விழும். அதனால் அது விழுவதை முழுசாகப் பார்த்து வயிறெரிய இருவருக்கும் நேரம் கிடைத்தது.

செம்பொழிலில் பழுது பார்ப்பது செப்பன். அது ஓர் இயந்திரன். வந்த புதிதில் சுத்தமான இலக்கணத் தமிழ்தான் பேசிற்று. படித்தவன் மாதிரி பேசுகிறவனிடம் வண்டியைக் கொடுக்க ஒருவரும் முன்வராததால், நெல்லைப் பேச்சைத் தானே கற்றுக்கொண்டது. வளைந்த இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, கல்லாக உறைந்திருந்த பழச்சரத்தைத் தூக்கிக் காட்டிற்று.

"அண்ணாச்சி, கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. வயித்துக்கு அடியில தரைமானி இருக்குல்லா, அது தரை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாத்துக்கிட்டே போகும். உங்க சரம் காத்துல ஆடி அதுக்கு நேரா வந்துட்டு. இது பழத்தைத் தரைன்னு நினைச்சு, எறங்கியாச்சுன்னு இறக்கையை நிறுத்திட்டு."

"அப்பம் பழத்தாலதான் விழுந்ததுங்கியா?"

"ஆமா, அண்ணாச்சி."

"பழம் கட்டியே இந்த விழுகை விழுந்திருக்கு. கட்டாம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாத்தியாவே?"

செப்பன் எந்தக் கேள்வியையும் யோசிக்காமல் விடாது. இதையும் யோசித்தது. "விழுந்திருக்காது, அண்ணாச்சி" என்றது. இசக்கியப்பன் மனைவியைப் பார்த்து, இயந்திரனுக்கு என்ன தெரியும் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

புது இறக்கைகள் பூட்டி, படக்கருவியின் வளைந்த கழுத்தை நிமிர்த்தி, எடை சரிபார்த்து, செப்பன் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தது. முதலில் முழங்கால் உயரம், பிறகு ஆள் உயரம், அதற்குப் பிறகுதான் வானம். கண் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆபத்துக்கு உதவ ஒரு கைப்பொறி உண்டு. அதன் கோலை அசைத்தால் கண் தன் புத்தியை விட்டுவிட்டு மனிதன் புத்திக்குக் கட்டுப்படும். பார்வைக்கு எட்டும் தூரம் வரைக்கும்தான் இந்த வசதி.

பழம் இல்லாமல் கண் எழும்பியது. முழங்கால் உயரத்தில் அசையாமல் நின்றது, ஆள் உயரத்திலும் நின்றது. வானத்துக்கு ஏறியபோது ஒரு காற்று வந்து லேசாகச் சாய்த்தது. கண் நிமிர்ந்துகொள்வதற்குள் இசக்கியப்பன் "ஐயோ, போச்சே!" என்று கோலைப் பிடித்து இழுத்தார். அது நேராகப் போய் வானொலி அலைக்கம்பத்தில் மோதியது.

செப்பன் மறுபடி இறக்கை மாற்றிற்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதாக இசக்கியப்பன் முருகன் மேல் சத்தியம் செய்தார். அடுத்த காற்று வந்தது. அடுத்த முறையும் அலைக்கம்பம்தான்.

"என் கை எனக்கே தெரியாம போயிட்டுவே" என்றார், உண்மையிலேயே கலங்கிப்போய்.

இன்னும் ஒரே ஒரு தடவை மாற்றத்தான் இறக்கைகள் கைவசம் இருந்தன. வடக்கே அடிவானம் செங்காவியாகத் தடித்து வந்தது. சண்முகவடிவு கண்ணாடிச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விடுங்க, நமக்குக் கொடுத்து வைக்கல" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை போலிருந்திருக்கும்.

செப்பனுக்கு இப்போது பழுது எங்கே என்று விளங்கிவிட்டது. தன் பட்டறைக்கு வந்த விழுந்த கண்களையெல்லாம் நினைவில் புரட்டிப் பார்த்தது. பழம் விழத்தட்டியது இந்த ஒரு முறைதான். மற்றவையெல்லாம் கை விழத்தட்டியவை. பழம் கட்டினால் இந்த மனிதரின் கை சும்மா இருக்கிறது, கட்டாவிட்டால் பரபரக்கிறது. ஆக, பழம் ஒரு பாதுகாப்பு உறுப்புத்தான். அதைப் பூட்டிய இடம்தான் தவறு.

"மதினி, நல்ல பழமா ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டது.

சண்முகவடிவு ஓடிப்போய்ப் பறித்து வந்தாள். செப்பன் பழத்துக்குக் குங்குமம் தடவி, மஞ்சள் நூலில் கோத்து, கண்ணை விட்டுவிட்டுக் கைப்பொறியின் கோலோடு சேர்த்து இறுக்கிக் கட்டிற்று. நெருப்புக்குத் தடையுள்ள ஊர் என்பதால் ஒளிக்கற்பூரம் ஒன்றை ஏற்றிக் காட்டிற்று.

"இது காப்பு, அண்ணாச்சி. கண்ணு திரும்பி வர வரைக்கும் இந்தக் கோலைத் தொடப்படாது. தொட்டா காப்பு அத்துரும்."

இசக்கியப்பன் முகம் விளக்குப் போட்டாற்போல் ஆயிற்று. "இதை முதல்லயே செஞ்சிருந்தா இவ்வளவு சேதாரம் வந்திருக்குமாவே? அந்தந்தக் காரியத்துக்கு ஒரு முறை இருக்குல்லா" என்றார்.

கண் எழும்பியது. கம்பத்தருகே காற்று வந்து நன்றாகவே சாய்த்தது. இசக்கியப்பனின் கை கோலை நோக்கிப் பாய்ந்தது, பழத்தைப் பார்த்தது, திரும்பி வந்து மற்றக் கையோடு சேர்ந்து கும்பிட்டது. அதற்குள் கண் தானாக நிமிர்ந்து, கம்பத்தைத் தாண்டி, பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டி, பொட்டாகி மறைந்தது. சண்முகவடிவு அவர் தோளில் கை வைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வைத்தாள்.

மறுநாள், புழுதி ஊரை எட்டுவதற்குச் சற்று முன்னால் கண் வந்து இறங்கிற்று. அதன் தலையில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடிவிட்டார்கள். செப்பனும் ஓரமாக வந்து நின்றது.

சுவரில் படம் விரிந்தது. ஆட்டமில்லை, அசைவில்லை. தென்கரை வீட்டு வாசல் வந்தது, அதில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. இளைத்துப்போன கோமதி சிரித்தாள். சண்முகவடிவு விம்மினாள். பிறகு தொட்டில் வந்தது. பூந்துணிக்குள் சிவந்த பாதங்கள், மூடிய பிஞ்சு விரல்கள். கண் மெல்ல முகத்தை நோக்கி ஏறிற்று. அப்போது சம்பந்தியம்மாளின் வளையல் கை ஒன்று குறுக்கே வந்து, குழந்தையின் முகத்துக்கு முன்னால் பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றைப் பிடித்தது.

கண் இடப்பக்கம் நகர்ந்தது. பழமும் இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் போனால் அதுவும் வந்தது. கண் விடாமல் முயன்றது, அந்த அம்மாளும் விடவில்லை. படம் எவ்வளவு தெளிவு என்றால், பழத்தோலின் ஒவ்வொரு குழியும் தெரிந்தது.

கோமதியின் குரல் கேட்டது. "அப்பா, கோவிச்சுக்கிடாதீய. முகத்தைக் காட்டப்படாதுன்னு அத்தை சொல்லுதாவ. ஊரெல்லாம் பாத்துட்டு வர கண்ணுல்லா, பட்டுரும். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. நீங்க சொல்லி வளத்த பிள்ளைதானே நான்."

படம் முடிந்தது. வெளியே புழுதி வந்து கண்ணாடியில் மோதும் ஓசை கேட்டது. இசக்கியப்பன் வாயைத் திறந்தார். சம்பந்தியம்மாளை நாலு வார்த்தை கேட்கத்தான் திறந்தார். எதிரே கைப்பொறியின் கோலில் கட்டியிருந்த பழம் தெரிந்தது, மூடிக்கொண்டார். கண்ணில் நீர் மட்டும் கோத்தது.

"படம் தெளிவா விழுந்திருக்கா, அண்ணாச்சி?" என்று செப்பன் மெதுவாகக் கேட்டது.

"ரொம்பத் தெளிவா இருக்குவே."

பக்கத்து வீட்டுச் சிதம்பரவல்லிதான் முதலில் சுவரருகே போனாள். நின்றுபோயிருந்த கடைசிப் படத்தை, தொட்டிலையும் பழத்தையும், அவள் உற்றுப் பார்த்தாள். "அப்பிடியே தாத்தாவை உரிச்சு வச்சிருக்கு!" என்றாள். "அந்த உருண்டை முகம் வேற யாருக்கு வரும்?" என்றார் இன்னொருவர். நிறம் மட்டும் அப்பத்தா வீட்டுப் பக்கம் என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் அதை ஆமோதித்தார்கள்.

இசக்கியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கும் சாடை தெரிந்தது. பெருமை தாங்கவில்லை. திரும்பினால், கூட்டம் மொத்தமும் கண் கொட்டாமல் பேரனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குத் திக்கென்றது.

"ஏளா வடிவு, எல்லாரும் இப்பிடிப் பாத்தா என்னத்துக்கு ஆவும்? அந்தப் படத்து மேல ஒரு பழத்தைக் கட்டு" என்றார்.

சண்முகவடிவு கண்ணாடித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனாள்.