பளிங்கு ஏரித் தண்ணீர்

பக்கெட்டில் இருந்த தண்ணீரின் மேல் ஆடை படிந்திருந்தது. யாரோ பாலைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் பாகீரதி முதலில் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் குளியலறையில் பாலைக் கொட்டும் அளவுக்கு அந்த வீட்டில் யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. இருப்பதே மூன்று பேர். அவள், கணவன் பத்ரிநாத், ஏழு வயது மகள் சஹானா. குனிந்து சொம்பின் அடிப்பாகத்தால் அமுக்கிப் பார்த்தாள். ஆடை குழிந்தது, கிழியவில்லை. சொம்பை எடுத்ததும் மெதுவாக மேலெழுந்து பழையபடி மட்டமானது.

இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். ஒரே தகடாகக் கையோடு வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அதன் மேல் பூனைமயிர் தெரிந்தது, குழந்தையின் முதுகில் இருப்பது போல் மெல்லியதாக, ஒரே பக்கம் படிந்து. நாலு நாள் குளிக்காத உச்சந்தலையின் வாடை, அதோடு கழுவாமல் விட்ட பால் பாத்திரத்தின் புளிப்பு. கழிப்பறைக் கோப்பைக்குள் உதறிவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். முதல் தடவை போகவில்லை, மிதந்தது. இரண்டாம் தடவை ஊற்றியபோது மடிந்து உள்ளே போயிற்று. கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். கழுவியதுகூட அதே தண்ணீரில்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

எழுந்தபோதே அவளுக்கு உதடுகள் ஒட்டிக்கிடந்தன. மே மாதத்து வறட்சி என்று நாக்கால் உந்திப் பிரித்திருந்தாள். பிரிந்த இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"உப்புத் தண்ணி. போர்வெல் வத்திப்போய் மூணு வாரமா டேங்கர்லதானே வாங்கறோம். படிகாரம் போட்டா தெளிஞ்சுடும்" என்றான் பத்ரிநாத்.

"உப்புக்கு மயிர் முளைக்குமா?"

"காபி குடிச்சியோ? அதுக்கப்பறம் பேசு" என்று சிரித்துவிட்டு அவன் சொம்பைத் தூக்கினான். வெறும் வயிற்றில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் உடம்புக்கு ஒன்றும் வராது என்று எங்கோ படித்ததிலிருந்து அதை ஒரு விரதமாக வைத்திருந்தான். தண்ணீர் அவன் தொண்டையில் இறங்கும் சத்தத்தை இத்தனை வருடம் அவள் பொருட்படுத்தியதில்லை. அன்று அந்தக் கடக் கடக்கைக் கேட்கப் பொறுக்காமல் அங்கிருந்து நகர்ந்தாள்.

சமையலறையில் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்தாள். இரவு முழுக்க அசையாமல் இருந்த தண்ணீர் எல்லாவற்றிலும் அது இருந்தது. ஃபில்டருக்குள் கூட. குளிர்பெட்டியில் மாம்பழம் ஊறப்போட்டிருந்த கிண்ணத்தை வெளியே எடுத்தவள் அதை மேடையில் வைக்காமல் அப்படியே நின்றாள். மாம்பழங்களின் வடிவம் தெரிய ஆடை இழுத்துப் போர்த்தியிருந்தது. அதன் மேல் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். குளிரில் நம் கையில் எழும் அதே புள்ளிகள். மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.

"அம்மா, கொட்டாதே. அது எனக்கு."

சஹானா தூக்கக் கலக்கத்தோடு வாசலில் நின்றாள்.

"எது உனக்கு?"

"மேல இருக்கறது. பாலாடை மாதிரி தித்திப்பா இருக்கும்மா. தினம் நான்தான் எடுத்துப்பேன்" என்று சொல்லிக்கொண்டே வந்து, தாய் தடுப்பதற்குள் விரலை விட்டுச் சுருட்டி ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். மென்றாள். கடைவாயில் கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பாகீரதி குழந்தையின் வாயில் கைவிட்டுத் தோண்டி எடுத்தாள். பிறகு தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தாள், வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போகும் வரைக்கும்.

டாக்டரிடம் போகலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை எந்த டாக்டர் உட்கார்ந்திருப்பார், குழந்தைக்கு ஜுரமா பேதியா, நாளைக்குப் பார்க்கலாம் என்றான் பத்ரிநாத். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் சஹானா கூடத்தில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைக் காட்டி எந்த டாக்டரிடம் என்ன சொல்வது என்று பாகீரதிக்கும் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு டேங்கர் வந்தது. பன்னேர்கட்டா ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பாதி மனைகள் இன்னும் புதராகக் கிடக்கும் அந்த லேஅவுட்டில் அதன் இரைச்சல் வெகு தூரத்திலிருந்தே கேட்கும். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடுவதற்குள் டிரைவர் முனியப்பன் தரைக்கடியில் இருந்த சம்ப்புத் தொட்டியில் குழாயைப் போட்டுத் திறந்துவிட்டிருந்தான். வெற்றிலையை மென்றபடி கும்பிட்டான்.

"நிறுத்துப்பா. இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

அவனுக்கு ஒரே சந்தோஷம். "என்னம்மா இப்பிடிக் கேக்கறீங்க? நீங்க எழுதினதுதான். பளிங்கு ஏரி. பேப்பர்ல பாத்துட்டு எங்க ஓனரே போய்ப் பாத்தாரு. இந்தா பாருங்க" என்று லாரிக் கதவைத் திறந்து காட்டினான். ஸ்டீரிங்குக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், அவளுடைய கட்டுரை வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. 'கூட்டமில்லாத இடங்கள்' என்று ஞாயிறு இணைப்பில் அவள் வாராவாரம் எழுதுவதுதான்.

"ஊர்க்காரா யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லலம்மா. எடுத்துட்டுப் போங்க, எடுத்துட்டுப் போங்கன்னு நிக்கறாங்க. வண்டி கெளம்பும்போது கும்பிடறாங்க." சாறைத் துப்பிவிட்டு, வாய் காலியாக ஒரு நொடிகூட இராமல், மடியிலிருந்து இன்னொரு வெற்றிலையை எடுத்து வாயில் திணித்தான். "எனக்குப் பழக்கமே கெடையாது. அங்க ஒரு அம்மா இருக்குது, எல்லம்மான்னு. அதுதான் ஒவ்வொரு லோடுக்கும் ஒரு கட்டு குடுக்குது. மெல்லாம இருக்காதே, தூங்கறப்பகூட ஓரமா அடக்கிக்கன்னுது. நல்ல மாதிரி."

எல்லம்மா என்ற பேரைக் கேட்டதும் பாகீரதிக்கு ஏரிக்கரையில் பார்த்த முகம் ஞாபகம் வந்தது.

பிப்ரவரியில் அவள் ஆனேக்கல்லுக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து, கடைசி இரண்டு மைல் நடந்து அந்த ஏரியைக் கண்டுபிடித்தாள். கரையில் ஒரு காகிதம் இல்லை, கால்தடம் இல்லை. தண்ணீரில் ஒரு பறவை இல்லை. பெண்கள் குடங்களோடு ஏரியைத் தாண்டி எங்கோ தூரத்துக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள், வருகிறவர்கள், எல்லார் வாயும் வெற்றிலையில் அசைந்துகொண்டே இருந்தது. எல்லம்மா மட்டும் நின்று பேசினாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"நாங்க இதுல கை வெக்கறதில்லம்மா. நீயும் பேடா, வேணாம். நின்ன தண்ணி. நின்னா மூடிக்கும்."

"எது மூடிக்கும்?"

எல்லம்மா தூங்கும் குழந்தையின் வாய்க்குள் அழுக்கு விரலை விட்டு உதட்டோரமாக ஒரு சுற்று சுற்றி எடுத்தாள். சேலையில் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே செய்தாள். அந்த நகத்தையும் எச்சிலையும் பார்த்துப் பாகீரதிக்கு அருவருப்பாக இருந்தது. சீக்கிரமாகப் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காபியோடு பேப்பர் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டாள். 'கண்ணாடி போன்ற தெளிவு. ஊரார் பக்தியினால் இந்த நீரில் காலைக்கூட நனைப்பதில்லை' என்று எழுதினாள். ஊரில் அந்த ஏரிக்குப் பேர் கூடச் சொல்லாததால் பளிங்கு ஏரி என்று அவளே ஒரு பேரும் வைத்தாள். நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள்.

லாரி போனதும் சம்ப்பின் இரும்பு மூடியை இரண்டு கையாலும் நகர்த்தினாள். சூடான காற்று முகத்தில் அடித்தது, தூங்கி எழுந்தவன் வாயிலிருந்து வருவது போல. சுவர் முதல் சுவர் வரைக்கும் வெளிறிய தோல். இங்கே மேலே, அங்கே கீழே என்று மெதுவாக உப்பி அடங்கியது. குழாய் விழுந்து கிழித்த இடம் மட்டும் ஓட்டையாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஓட்டையின் ஓரங்கள் ஒன்றையொன்று இழுத்தன, சுருங்கின, கடைசியில் ஒரு தொப்புளாக முடிந்துகொண்டன.

மூடியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். அதற்குள் சஹானா குளித்து, சாப்பிட்டு, இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடித்திருந்தாள்.

"இந்தத் தண்ணியை யாரும் தொடக்கூடாது. சாயங்காலமே எங்க அக்கா ஆத்துக்குப் போயிடலாம்" என்றாள்.

"சரி, போலாம். ஸ்வல்ப நேரம் பேப்பரைப் படிக்க விடு" என்றான் பத்ரிநாத். அவள் முகத்தைப் பார்த்து அவனுக்கும் கொஞ்சம் பயம் வந்திருந்தது போலும். கேலி செய்யவில்லை.

மத்தியானம் முழுக்க அவள் கொல்லைப்புறத்தில் இருந்தாள். டிரம்மைக் கவிழ்த்தாள், ஃபில்டரைக் கவிழ்த்தாள், குடங்களைச் சாம்பல் போட்டுத் துணியால் தேய்த்தாள். கொட்டிய இடமெல்லாம் மண் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தோலை மட்டும் மேலே விட்டுவைத்தது. எறும்பு ஒன்றும் அதன் பக்கம் வரவில்லை. மூன்று மணிக்குக் கரண்ட் போனது. மோட்டார் சத்தம், விசிறி சத்தம், குளிர்பெட்டியின் முனகல் எல்லாம் நின்றபோதுதான் வீடு எவ்வளவு நேரமாகப் பேச்சில்லாமல் கிடக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது.

படுக்கையறையில் சஹானா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாக வாயைத் திறந்துகொண்டு, தலையணை நனையத் தூங்குகிற பெண். இன்று வாய் மூடியிருந்தது. பாகீரதி பக்கத்தில் உட்கார்ந்து குனிந்தாள்.

உதடுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய கோடு குறுகியிருந்தது. இரண்டு ஓரங்களிலும் கோடே இல்லை. மேல் உதடு எங்கே முடிகிறது, கீழ் உதடு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கன்னத்துத் தோல் அப்படியே வழிந்து வந்து சேர்ந்திருந்தது. நடுவில் ஒரு அரிசி அளவுக்கு இடைவெளி. அதன் வழியாக மூச்சு விசிலடித்தது.

சுண்டுவிரலை அதில் விட்டாள். ஈரமாகக் கிழிந்தது. சுற்றினாள். ஓரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சுற்றினாள். எல்லம்மா செய்தது போலவே.

"சஹானா. எழுந்திரு கண்ணா. ஏதாவது பேசு."

"தூக்கம் வருதும்மா..."

பேசி முடித்ததும் அசையாமல் போனாள். உதடு விரலைப் பிடித்துக்கொண்டது. வெதுவெதுப்பாக, மோதிரம் போல. பாகீரதி மறுபடி சுற்றினாள். நிறுத்தினால் பிடித்தது. சுற்றினால் விட்டது. நகத்துக்குள் பூனைமயிர் சேர்ந்தது. அப்படியும் விரலை எடுக்கவில்லை.

"இங்க வாங்கோ" என்று கூப்பிட்டாள். "உடனே வாங்கோ. வண்டியை எடுக்கணும்."

திறந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. பத்ரிநாத் சாய்வு நாற்காலியில் இருந்தான். முகத்தை மறைத்துக்கொண்டு பேப்பர். அதன் பின்பக்கத்தில் இந்த வாரத்துக் கட்டுரை. 'ஆளே இல்லாத ஒரு கடற்கரை.' சாப்பிட்டதிலிருந்து ஒரு பக்கம்கூடத் திருப்பிய சத்தம் கேட்டிருக்கவில்லை.

"காதுல விழறதா?"

பேப்பர் நடுங்கியது.

இறங்கியது.

கண்கள் இருந்தன. தூக்கத்திலிருந்து விழித்த, அகலமாகத் திறந்த கண்கள். மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே தாடை வரைக்கும் ஒன்றும் இல்லை. வழவழப்பு. மூன்று வாரம் தினம் ஒரு சொம்பு.

அவன் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். தரையில் மண்டியிட்டான். அவளுடைய இடது கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்தான். உள்ளேயிருந்து நாக்கு முட்டுவது அவள் உள்ளங்கையில் தெரிந்தது. அவள் அமுக்கினாள். குழிந்தது. கிழியவில்லை. நகத்தால் கீறினாள். கையை எடுத்ததும் மெதுவாக மேலெழுந்து மட்டமானது. ஒரு மூக்குத்துளை மூடியிருந்தது. இன்னொன்று விசிலடித்தது. விசில் மெலிந்துகொண்டே வந்தது.

கத்தரிக்கோல் சமையலறையில். பத்து அடி. விரல் சஹானாவின் வாயில். ஒரு நொடி நிறுத்தியதற்கே தோல் விரல் கணு வரைக்கும் ஏறிவிட்டது.

அவன் குழந்தையைப் பார்த்தான். அவள் விரலைப் பார்த்தான். போகாதே என்று தலையை ஆட்டினான்.

அவள் சுற்றினாள்.

விசில் நின்றது. அவன் அவள் மடியில் சாய்ந்தான், கண்கள் திறந்தபடி.

அலற வாயைத் திறந்தாள். நடுவில் மட்டும் திறந்தது.

தாடையை அசைக்கத் தொடங்கினாள். வெறும் வாயை. மென்றாள். சுற்றினாள். மென்றாள்.

கரண்ட் வந்தது. மேலே மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. காற்று பட்டதும் பத்ரிநாத்தின் முகத்தில், வாய் இருந்த இடத்தில், சின்னச் சின்னதாகப் புள்ளிகள் எழும்பின. மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.