ஆறுமுகத்தின் ஆறு முகப் பெட்டி

நவுசோரியில் செத்துப்போன குலம்பரின் பங்களாவில் அன்று ஏலம். குலம்பர் என்றால் கரும்புத் தோட்டத்து வெள்ளைக்கார ஓவர்சியர். கோவிந்தம்மா பாத்திரம் பார்க்கப் போனாள். அவள் புருஷன் ஆறுமுகம் நாற்காலிக்காகப் போனார். கடல் கடந்து வந்து கிர்மிட் என்கிற ஒப்பந்தக் கூலியாக இருந்த காலத்தில் அந்த நாற்காலிக்கு முன்னால் கைகட்டி நின்றவர், இப்போது வுனிமோனோ ஊர்ச் சங்கக் கிளைத் தலைவர். ஒரு தடவை அதில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

நாற்காலியைக் கரையான் தின்றிருந்தது.

கிடைத்தது ஒரு தோல் பெட்டி. ஆறு பக்கம், பித்தளைப் பூட்டு, உள்ளே சிவப்பு வெல்வெட். கூலிகளைக் கைகட்டி நிற்கவைத்துக் குலம்பர் வாசித்த கான்செர்ட்டினா என்கிற கைத்துருத்தியை வைக்கும் பெட்டி.

"வாத்தியத்த அவரோட பொதைச்சாச்சு," என்றார் பங்களாத் தச்சர் அப்துல். "பொட்டி வேணாம் தலைவரே. மூச்சு விடுற எதையாச்சும் தேடுது. போன வாரம் பூனை ஒண்ணு உள்ள படுத்துச்சு."

"அப்புறம்?"

"காத்து போயி தட்டையா கெடந்துச்சு."

"ஆறுமுகத்துக்கு ஆறு முகப் பொட்டி! முருகன் குடுத்தது, பாய்," என்று சிரித்தார் ஆறுமுகம்.

சங்க விழாவுக்கென்று மதராஸிலிருந்து வரவழைத்த சரிகைத் தலைப்பாகையை அதில் வைத்தார். அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

மறுநாளிலிருந்து எடுக்கும்போதெல்லாம் தலைப்பாகை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றியது போல. கட்டினால் நெற்றியை இறுக்கும், விடும், மறுபடி இறுக்கும். மூன்று படி ஏறினால் ஆறுமுகத்துக்கு இளைத்தது. பதவியின் பாரம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், பெருமையாகத்தான்.

விழாவன்று காலை கோவிந்தம்மா மூடியை முகர்ந்தாள். வெல்லப்பாகு. அதற்கு அடியில், பைப் புகையிலை.

"இந்த வாடை எனக்குத் தெரியுங்க. வயல்ல முதுகுக்குப் பின்னாலயே வருமே. இன்னிக்கி ஒரு நாளு வெறுந்தலையோட பேசுங்க. உசுரு முக்கியம்."

"வெறுந்தலையோட ஒரு தலைவனா?"

உச்சி வெயிலில் கொட்டகை நிறைந்திருந்தது. ஆறுமுகம் மேடையேறி, வழக்கம்போல் மூன்று தடவை கனைத்தார். கையில் பதினாறு பக்கப் பிரசங்கம்.

"மகாஜனங்களே—"

தலைப்பாகை இறுகியது.

அடுத்து வந்தது சொல் அல்ல. நெஞ்சு விரிய ஒரு கீச்சுச் சுரம். நெஞ்சு ஒடுங்க இன்னொன்று.

சங்கீதத்தோடு ஆரம்பிக்கிறார் என்று முன்வரிசைக் கனவான்கள் கைதட்டினார்கள்.

பின்வரிசையில் கிழவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் எழச் சொல்லவில்லை. தலை குனிந்தார்கள். கைகட்டினார்கள்.

அவர்களுக்கு அந்த மெட்டு தெரியும்.

கோவிந்தம்மாவுக்கும் தெரியும். மேடைக்கு ஓட வேண்டியவளின் கைகள், அவளைக் கேட்காமலே கட்டிக்கொண்டு நின்றன.

தூக்கியபோது ஆறுமுகத்தின் நெஞ்சு தட்டையாக இருந்தது.

தலைப்பாகையைச் சிதையிலேயே போட்டுவிட்டார்கள். பெட்டியைத் தொட மட்டும் யாருக்கும் துணிவு வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் சங்கக் காரியதரிசி நரேந்திரா துக்கம் விசாரிக்க வந்தார். அடுத்த தலைவர் அவர்தான். உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. கண் அலமாரியின் மேல் போய் நின்றது.

"பொட்டி நல்லா இருக்குதே, அக்கா. காலிதானே?"



பூட்டிய பெட்டிக்குள் யாரோ மூன்று தடவை கனைத்தார்கள்.