நகரக் கூடாத கப்பல்

மணி கிட்டத்தில் கேட்டது.

மூடுபனி இறங்கி மூன்று மணி நேரமாகியிருந்தது. பிற்பகலிலேயே விளக்குக் கப்பலின் மேல்தளம் முழுக்கச் சாம்பல் வெளிச்சம். ஜெனரேட்டர் புகையும் ஈரக் கயிற்றின் நாற்றமும் வெளியேற வழியில்லாமல் விளக்குக்காரரின் மூக்கைச் சுற்றியே நின்றன. மணல்திட்டின் ஓரத்தில் மிதக்கும் மிதவை மணி, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் லேசாகக் கேட்கும். இன்று காற்றே இல்லை. மணியோ காதோரம் அடித்தது.

"பனியில சத்தம் அப்படித்தான் மாமா ஏமாத்தும்," என்றான் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனன். "அக்கா வர்ற சந்தோஷத்துல உங்களுக்கு எல்லாமே கிட்டத்துல கேக்குது."

அவர் சிரிக்கவில்லை. நாலு மணிப் பயணிகள் கப்பலில் மனைவி வந்துகொண்டிருந்தாள், மடியில் ஆறு மாதப் பெண் குழந்தையோடு. அந்தக் கப்பல் இவர்களுடைய விளக்கைப் பார்த்துத்தான் மணல்திட்டில் ஏறாமல் துறைமுகப் பக்கம் திரும்ப வேண்டும்.

கலங்கரை விளக்கம் கட்ட முடியாத இடம் அது. அடியில் பாறை கிடையாது, ஓயாமல் புரளும் மணல், எத்தனையோ கப்பல்களை ஆட்களோடு விழுங்கிய மணல். அதனால் ஒரு கப்பலையே நங்கூரமிட்டு நிறுத்தி, அதன் கம்பத்தில் பத்து விநாடிக்கு ஒரு முறை மின்னும் விளக்கை ஏற்றினார்கள். முதலில் எண்ணெய் விளக்கு, பிறகு மின்விளக்கு. கப்பலும் இரண்டு முறை மாறியது. இடம் மட்டும் மாறவில்லை. வரைபடத்தில் அது ஒரு புள்ளி. கடலில் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் புள்ளி.

மனம் கேட்காமல் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் இறக்கினார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். எப்போதும் பதினோரு பாகம் ஆழம். கயிறு ஒன்பதிலேயே தொய்ந்தது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினார்.

எட்டு.

"மாப்ளே, இங்க வா."

மைத்துனன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த கிண்டல் வடிந்தது. "நங்கூரம் அறுந்துருச்சா?"

இருவரும் முகப்புக்கு ஓடினார்கள். அறுந்திருந்தால் சங்கிலி தொங்கும். கப்பல் நீரோட்டத்தோடு பின்னால் போகும். சங்கிலி தொங்கவில்லை. இரும்புக் கம்பிபோல் விறைத்து முன்னால் பனிக்குள் நீண்டிருந்தது. முகப்பில் தண்ணீர் இரண்டாகப் பிளந்தது. கப்பல் நீரோட்டத்தை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஓடுவதற்கான இயந்திரமே இல்லாத கப்பல்.

"யாரு மாமா இழுக்குறா?"

அவர் குனிந்து பனிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நான் சங்கிலிக் கொக்கியைத் தட்டிக் கழட்டி விட்டுடறேன். நீங்க அக்கா கப்பலைக் கூப்பிடுங்க, போங்க!" மைத்துனன் ஓடிப்போய்ச் சுத்தியலோடு முகப்புக்குத் திரும்பி வந்தான்.

அவர் ரேடியோ அறைக்கு ஓடி ஒலிவாங்கிக்குக் கை நீட்டினார். பின்னால் சுத்தியல் அடி கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது பாதியில் நின்றது.

"மாப்ளே!"

மணி மட்டும் அடித்தது.

முகப்பில் சுத்தியல் கிடந்தது, கைப்பிடியில் இன்னும் உள்ளங்கைச் சூடு இருந்தது. சங்கிலி அப்படியே. அவர் அவன் பெயரைக் கத்தினார், தண்ணீரைப் பார்த்துக் கத்தினார், தொண்டை கிழியக் கத்தினார். பிறகு அழுதுகொண்டே சுத்தியலை எடுத்தார். விளக்கு இருக்கும்வரை அவள் கப்பல் இதை நோக்கித்தான் வரும். இதுவோ மணல்திட்டை நோக்கிப் போகிறது.

ஏணியில் ஏறினார். ஒன்பது வருடம் தினமும் துடைத்த கண்ணாடி. ஒரே அடி. உள்ளே பல்ப். இன்னொரு அடி. விளக்கு அணைந்தது. கீழே வந்து ரேடியோவைப் பிடித்துக்கொண்டார்.

"விளக்குக் கப்பல் பேசறேன். நாங்க இடத்துல இல்ல. கிட்ட வராதீங்க. விளக்கை உடைச்சிட்டேன், கேக்குதா?"

கரகரப்பு. பிறகு பயணிகள் கப்பலிலிருந்து நிதானமான ஒரு குரல்.

"உடைச்சீங்களா? என்ன சார் சொல்றீங்க? பளிச்சுன்னு தெரியுதே. பத்து விநாடிக்கு ஒரு தடவை. அதைப் பார்த்துத்தான் வந்துட்டிருக்கோம்."

"அது நாங்க இல்ல! ஐயா, திருப்புங்க! என் பொஞ்சாதி பிள்ளை இருக்காங்க! திருப்புங்க!"

கரகரப்பு மட்டும்.

வெளியே வந்தார். முன்னால் பனி ஏதோ வெளிச்சத்தில் வெளுத்தது. அணைந்தது. அவர் எண்ணினார். எட்டு, ஒன்பது, பத்து. வெளுத்தது.

அடிப்பகுதி மணலில் உரசியது. கப்பல் நின்றது. பனி விலகியது.

இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள். வரிசையாக. சங்கிலி அவர்கள் தோளில். நனைந்த முதுகுகள், சில வெறும் எலும்பு. கடைசி ஆளின் தோளில் மட்டும் ரத்தம் புதிதாக வழிந்தது. மைத்துனன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னால் நின்றவன் வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து வெளிச்சம். மூடினான்.

பின்னால் பயணிகள் கப்பலின் ஊதல். மிகக் கிட்டத்தில்.

"திருப்புங்க!" இரண்டு கையையும் ஆட்டினார்.

பத்து விநாடி.

வரிசை மொத்தமும் ஊதல் வந்த திசைக்குத் திரும்பியது. மைத்துனனும். எல்லோரும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள்.