பல்லிடுக்கில் தக்கை

பஞ்சாபின் பட்டிண்டாவில், வெளிநாடு போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் பயிற்சிக்கூடம் ஒன்றில், காலை வகுப்பின் நடுவே அதன் உரிமையாளரும் ஆசிரியருமான ஹர்கீரத் பிரார் செத்து விழுந்தார். அப்போது அவர் வாயில் இருந்த சொல் ‘மேக்னானிமஸ்’. பெருந்தன்மை உள்ளவர் என்று பொருள். அந்தச் சொல்லோடு அவருக்கிருந்த உறவு உச்சரிப்போடு சரி.

வாசல் பலகையில் ‘லண்டன் ரிட்டர்ன்’ என்று போட்டிருந்தது. மைத்துனன் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியவர்தான். பொய் என்று சொல்ல முடியாது.

சப்-இன்ஸ்பெக்டர் பல்வீந்தர் கௌர் வந்து இறங்கியபோது, கேஸ் முடிந்துவிட்டதாக ஏட்டு அறிவித்தார். அன்றைக்கு டீ வாங்கி வரும் முறை மாணவி அமன்ஜோத்துடையது. சாரின் மேசையில் கோப்பையை வைத்தவள் அவள். முந்தின நாள் அத்தனை பேர் முன்னால் ‘உன் நாக்கு எருமை ஓட்டத்தான் லாயக்கு’ என்று அவளைச் சொல்லியிருக்கிறார். பிணத்தின் உதட்டில் நுரை, பூச்சிமருந்து நெடி. வேறென்ன வேண்டும்?

“சனிக்கிழமை பரீட்சை, மேடம்ஜி,” என்றாள் அமன்ஜோத். “கேஸ்ல பேர் ஏறிட்டா விசா கிடையாது. அப்பா நிலத்தை வித்துட்டாரு.”

பல்வீந்தர் மேசையைப் பார்த்தார். கோப்பை விளிம்புவரை நிறைந்திருந்தது. மேலே ஆடை.

“குடிக்காத டீ எப்படிய்யா ஆளைக் கொல்லும்?”

ஏட்டு மின்விசிறியை ஆராய்ந்தார்.

டீக்கு முன்னால் வேறென்ன வாய்க்குப் போனது என்று பல்வீந்தர் விசாரித்தார். மாணவர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். தினமும் ஒரு கடினமான சொல்; பல்லிடுக்கில் பாட்டில் தக்கையைக் கடித்துக்கொண்டு அதைச் சொல்லிப் பழக வேண்டும். சார் எடுக்கும்வரை யாரும் எடுக்கக் கூடாது. மாணவர்கள் தங்கள் தக்கையைப் பையில் கொண்டுவருவார்கள். சாருடையதும் உதவி ஆசிரியர் நவ்தேஜுடையதும் மட்டும் மேசைமேல் ஒரு டம்ளர் உப்புத்தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறும்.

தரையெங்கும் பல் பதிந்த தக்கைகள் கிடந்தன. ஒன்று பிணத்தின் தாடையருகே. டம்ளரில் இன்னொன்று மிதந்தது.

சார் சரிந்ததும் என்ன நடந்தது? வாயடைத்த வகுப்பு மொத்தமும் ‘ங்ஙா ங்ஙா’ என்று ஊமைச் சத்தம் போட்டதாம். கடைசி வரிசையிலிருந்து நவ்தேஜ் மட்டும், ஆம்புலன்ஸைக் கூப்பிடும்படி கணீரென்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டே நேராகச் சாரிடம் ஓடிவந்தார். அந்த உச்சரிப்பை ஒரு மாணவன் இப்போதும் மெச்சினான்.

பல்வீந்தர் நவ்தேஜை உட்காரச் சொன்னார்.

“நீங்களும் தக்கை கடிச்சீங்களா?”

“எல்லாரையும் போலத்தான்.”

“எங்க துப்புனீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார்.

“ஆள் செத்துட்டிருக்கிறப்போ எல்லாரும் கீழ துப்பிட்டாங்க. நீங்க மட்டும் மேசைவரைக்கும் வந்து பத்திரமா டம்ளர்ல போட்டீங்களா? கத்தினப்போ வாய் காலியா இருந்துச்சு நவ்தேஜ்ஜி. இன்னிக்கு உங்க தக்கை டம்ளரை விட்டு வெளியவே வரலை. அந்தத் தண்ணியில என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சவன்தான் அதை வாயில வைக்க மாட்டான்.”

டம்ளரை ஏட்டிடம் நீட்டினார். மோந்து பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நவ்தேஜ் மறுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிப் பூட்டிய அவருடைய அசல் சான்றிதழ்களைப் பிரார் தரவேயில்லை. அதனால் கனடாவில் கிடைத்த இடம் போன வாரம் கைநழுவியது.

“கையெடுத்துக் கும்பிட்டேன் மேடம். கொஞ்சம் பெருந்தன்மையா நடந்துக்கங்கன்னு இங்கிலீஷ்லயே கேட்டேன். உச்சரிப்புல அழுத்தம் தப்பான எடத்துல விழுதுன்னு திருத்தினாரு.”

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அமன்ஜோத்தை வீட்டுக்குப் போகச் சொன்னார் பல்வீந்தர். பெயர் எங்கும் ஏறவில்லை என்றும் சொன்னார். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். போகவில்லை.

“மேடம்ஜி, நாளைக்கு யாரு கிளாஸ் எடுப்பாங்க?”