மக்காத தொட்டி

"நாத்தம் அடிச்சாலும் சண்டை, அடிக்கலைன்னாலும் சண்டையா? உங்களுக்கு என்னதான் வேணும்?"

"அடிக்கணும்டி! நாப்பது நாளாச்சு. போட்டது போட்டபடியே கெடக்கு, பாரு!"

பால்கனியில் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டிருக்கும். அவன் உரத் தொட்டியைக் கவிழ்த்தான். வாழைப்பழத் தோல் மஞ்சள் குறையாமல் விழுந்தது. புழு இல்லை, பூஞ்சை இல்லை, ஒரு ஈ கூட இல்லை. போன வாரம் பொறியில் செத்த எலி, தூங்குவது போல, மீசை விறைப்பாக.

"எலியையும் இதுலயா போட்டீங்க? நல்லா வருது வாயில."

அவனுக்குக் கழிவுநீர் நிலையத்தில் வேலை. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களைக் காற்று ஊதி உயிரோடு வைத்திருப்பதுதான் பிழைப்பு. ஒரு வாரமாக அங்கேயும் வந்த அழுக்கு அப்படியே வெளியே போனது. மேலதிகாரியிடம் சொன்னால், "அழுக்கை அளக்குற மீட்டரை மாத்துய்யா" என்கிறார். வீட்டில் சொன்னால் இது. எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

"அதை விடுங்க. பாப்பா நாலு நாளா ஒண்ணும் சாப்பிடல. வயிறு நிறைஞ்சிருக்காம். டாக்டர்கிட்ட போலாம்னா தொட்டியக் கட்டிட்டு அழறீங்க."

அவன் கை அப்படியே நின்றது.

உள்ளே போனான். ஈரத்துணி, குப்பைக்கூடை, பழைய பால் பாத்திரம் என்று எப்போதும் ஏதாவது ஒன்று மூக்கில் ஏறும் அந்த வீடு, மத்தியான வெயிலில் மின்விசிறி கிறீச்சிட, துடைத்து வைத்த கண்ணாடி போல வாசமே இல்லாமல் கிடந்தது. ஐந்து வயது மகள் சுருண்டு படுத்திருந்தாள். வயிற்றைத் தொட்டான். கல்.

"அப்பா, வாந்தி வருது."

தூக்கிக்கொண்டு ஓடினான். வாஷ்பேசின் மேல் தலையைப் பிடித்தான். புளிச்ச வாசம் வரும் என்று மூச்சை அடக்கினான்.

வாசம் வரவில்லை.

பட்டாணி வந்தது. பச்சைப் பசேல் என்று. டக். டக். பிறகு தக்காளி. கத்தி வெட்டிய விளிம்பு மழுங்காமல்.

"இது திங்கக்கிழமை செஞ்சது," என்றாள் மனைவி, கதவைப் பிடித்தபடி. அடுத்து விழுந்ததைப் பார்த்தாள். "இது... போன மாசம்."

வாஷ்பேசின் நிறைந்தது. மகளின் வாய் மூடவில்லை.

படிக்கிறவர்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் கடைசியாக எது அழுகியது? எந்தத் தேதியில்? தயவுசெய்து கீழே கமெண்டில் எழுதுங்கள்.