ராகு காலம் அறியாத எஞ்சின்

வியாழக்கிழமை பகல் ஒன்றரை மணி ஆனதும் வழக்கம்போல் கோயம்புத்தூர் நின்றது. ஓடிக்கொண்டிருந்த தன்னோட்டி வண்டிகள் தத்தம் பயணத்தை முடித்துவிட்டுச் சாலையோரம் ஒதுங்கின. புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை. பேக்கரிகளில் டீக்குக் கூட்டம் சேர்ந்தது. மூன்று மணிவரை ராகு காலம். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மழை வந்தால் குடை விரிப்பதைப் பற்றி யார் பேசுவார்கள்?

இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. நகரத்தின் வண்டிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தும் ‘ஊர்மதி’ என்ற கணிமூளைக்குச் சோதிடம் தெரியாது. மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ராகு காலத்தில் வாசலுக்கு வந்த வண்டியை அவர்கள் காக்க வைத்தார்கள். செருப்பைத் தேடினார்கள், தண்ணீர் குடித்தார்கள், பிறகு வண்டிக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். முப்பது ஆண்டுகள் இதைப் பார்த்து ஊர்மதி பாடம் கற்றது. கற்பித்தவர்களைவிடக் கண்டிப்பான மாணவன் அது.

வடவள்ளியில் நல்லசிவம் மட்டும் அந்த நேரத்தில் வேலையில் இருந்தார். பம்ப்செட் கம்பெனியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொட்டகையில் நூறு வயதான பெட்ரோல் கார் ஒன்று முன்பக்கம் பிரிந்து கிடந்தது. அதில் கணிமூளை கிடையாது. “என்ற வண்டிக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

சில நாட்களாகக் காலையில் கிளப்பும்போது எஞ்சின் கடகடத்தது. டைமிங் செயின் நீண்டுவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. எஞ்சினின் அடியில் கிராங்க் தண்டு இருக்கிறது. பிஸ்டன்கள் ஏறி இறங்க, அது சுற்றும். மேலே இருப்பது கேம் தண்டு. காற்றும் எரிபொருளும் உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகளைத் திறந்து மூடுவது அது. கீழ்த்தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் மேல்தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இரண்டையும் இந்தக் கணக்கில் பிணைத்து வைப்பதுதான் செயின். ஒரு பல் தள்ளி மாட்டினால் எஞ்சின் திணறும். இன்னும் தள்ளினால், திறந்திருக்கும் வால்வின்மேல் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும். எஞ்சினுக்கு மணி தெரியாது. எது முன்னால், எது பின்னால் என்பது மட்டுமே தெரியும்.

செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் தேய்ந்த பல்சக்கரங்களையும் மாற்றியாகிவிட்டது. புதுச் செயினைக் கையில் எடுத்தபோது உள்ளிருந்து மனைவி மரகதம் கத்தினாள்.

“ஏனுங்க! சித்த வாங்க! புள்ளைக்குப் பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. ரத்தமா போகுதுங்க!”

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் இளவேனில் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். அடுத்த புதனன்று அறுவை செய்து குழந்தையை எடுப்பதாகப் பதிவு செய்திருந்தார்கள். நாள், நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக் கொடுத்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். நல்லசிவம் சிரித்தார், மறுக்கவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஊர்மதியின் குரல் இனிமையாகப் பேசியது. “அவசரம் புரிகிறது. உங்கள் வண்டி மூன்று மணிக்குப் புறப்படும்.”

“புரிஞ்சா இப்பக் கெளப்பு!”

“இந்த நேரத்தில் வந்த ஆம்புலன்ஸ்களைப் பெரும்பாலான குடும்பங்கள் வாசலில் நிறுத்தி வைத்தன. உங்கள் விருப்பத்தை நீங்கள் சொல்லும் முன்பே மதிக்கிறோம்.”

“என்ற விருப்பம் உனக்கென்னடா தெரியும், தகரடப்பா!” என்று கத்திவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார்.

செயினில் நிறம் தீட்டிய கண்ணிகள் பல்சக்கரங்களின் குறிகளோடு பொருந்த வேண்டும். வியர்வை கண்ணில் இறங்க, பொருத்தினார். டென்ஷனரின் கொண்டியை விடுவித்ததும் செயின் விறைத்தது.

“முடிஞ்சுதுங்களா? கெளப்புங்க!” என்றாள் மரகதம்.

“கையால ரெண்டு சுத்துச் சுத்திப் பாக்காம சாவி போடக்கூடாது மரகதம்.”

“அவ கண்ணு சொருகுதுங்க!”

“வால்வு வளஞ்சா அப்புறம் நடந்துதான் போகோணும்.”

நீண்ட கைப்பிடி கொண்ட ஸ்பானரைப் போட்டு கிராங்கை மெல்லச் சுழற்றினார். இரண்டு சுற்று முடிந்தது. மேல்குறி ஒரு பல் விலகி நின்றது. வாய்விட்டுத் திட்டிக்கொண்டே செயினைக் கழற்றி மறுபடி மாட்டினார். மறுபடி சுற்றினார். இந்த முறை குறிகள் நேருக்கு நேர் நின்றன. மூடியைப் பொருத்தினார். அதன் பசை காயக் காத்திருக்க முடியாது. எண்ணெய் கசிந்தால் கசியட்டும். தண்ணீர் பம்பைச் சுழற்றும் பெல்ட்டை மாட்டவும் நேரமில்லை; ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கொதிக்காமல் இருந்தால் போதும். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது.

ஊர் முழுவதும் ஒதுங்கி நின்றதால் சாலை காலியாக இருந்தது. ஆவி கக்கிக்கொண்டு கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மூன்று மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

இளவேனிலை மேசையில் கிடத்தினார்கள். மேலே ஊர்மதி இயக்கும் அறுவைக்கைகள் மடங்கித் தொங்கின. டாக்டர்கள் தம் கையால் அறுப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது; அறையில் ஒரு கத்திகூட இல்லை.

“குழந்தைக்குத் துடிப்பு எறங்குது” என்றார் டாக்டர் ரெபேக்கா. “ராகு காலத்துல குடும்பம் சம்மதம் சொன்னாத்தான் இது அசையும். ‘தொடங்கு’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.”

“தொடங்கலாமா?” என்று கேட்டது ஊர்மதி.

நல்லசிவம் வாயைத் திறந்தார். கண் கடிகாரத்துக்குப் போனது. வண்டி எந்த நேரத்தில் கிளம்பினாலும் அன்றோடு போயிற்று. பிறந்த நேரம் அப்படியா? சாகும்வரை கூடவே வரும். நாளைக்குச் சம்பந்தி வீட்டில் சாதகத்தை விரித்து வைத்துக் கேட்பார்கள்.

“டாக்டரம்மா, இன்னுங் கொஞ்ச நேரந்தானுங்களே. அதுவரைக்கும் தாங்காதுங்களா?”

“இதுக்கா சார் அந்த வண்டியில ஓடி வந்தீங்க?”

“வாறது வேறங்க. பொறக்கறது வேறங்க.”

“என்னங்க பேசறீங்க!” மரகதம் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “தொடங்கு! நாஞ் சொல்றேன், தொடங்கு!”

“காத்திருக்க வேண்டும் என்ற குடும்பத்தின் விருப்பம் ஏற்கப்பட்டுவிட்டது” என்றது அந்த இனிமையான குரல். “மாற்றக் கோரினால் மறுபரிசீலனைக்கு இருபது நிமிடம் ஆகும். மூன்று மணிக்குத் தொடங்குவதே விரைவு.”

நல்லசிவம் “தொடங்கு, தொடங்கு” என்று அலறினார். அறுவைக்கைகள் அசையவில்லை. டாக்டர் தன் வெறுங்கைகளைப் பார்த்தபடி நின்றார்.

மூன்று மணிக்கு அவை பிசகில்லாமல் இறங்கி வேலை செய்தன. இளவேனில் பிழைத்தாள். வெளியே வந்த டாக்டர், “நேரம் சுத்தமா இருக்கு சார். குறிச்சுக்கோங்க” என்றார். குழந்தையின் அழுகை கடைசிவரை கேட்கவில்லை; அதற்காகக் கதவோடு காதை ஒட்டி நின்ற மரகதம் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

அன்று ஊர்மதி புதிதாக ஒன்று கற்றுக்கொண்டது: பழைய காரில் பறந்து வருகிறவர்களும் உள்ளே வந்தபின் காத்திருக்கவே விரும்புகிறார்கள். அடுத்த வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு நகரத்தின் ஆஸ்பத்திரிக் கதவுகள் எல்லாம் தாமாகவே மூடிக்கொண்டன. யாரும் புகார் செய்யவில்லை.