பொம்மியின் மைலோக் கோப்பை

1996-இல் ஒரு திங்கட்கிழமை, நியாலாஸ் தோட்டத்தில் இருந்த ஒரு பழைய புகைக்கூடத்துக்குக் குரங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். முன்பு புகைபோட்டு ரப்பர் ஷீட் காயவைத்த கட்டடத்தை ஆராய்ச்சிக்காகக் குரங்குக் கூண்டறையாக்கியிருந்தார்கள். வெள்ளையடித்தும் புகை வாடை போகவில்லை.

அங்கேதான் பொம்மி இருந்தாள். பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்தியிருந்த பெண் குரங்கு.

"வேற உறுப்ப உடம்பு எதிரின்னு நெனச்சுத் தாக்கும், புவனேந்திரன்," என்றார் ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் கணேசமூர்த்தி. "இந்த மருந்துதான் அதைத் தடுக்குது. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது."

மருந்து எண்ணெய் மாதிரி இருக்கும், கசக்கும். காலையிலும் மாலை ஆறு மணிக்கும் மைலோ சாக்லேட் பானத்தில் கலந்து கொடுப்பேன். என் காலடி கேட்டால் போதும், பொம்மி காலிக் கோப்பையைக் கம்பியில் தட்டுவாள். டக், டக். அப்புறம் கையை நீட்டுவாள்.

இனிமேல் உள்ளதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது.

என் தங்கை புனிதாவுக்கு அம்மா சிறுநீரகம் கொடுத்திருந்தார். அவளுக்கும் அதே மருந்துதான். வாங்க எனக்கு வக்கில்லை. அதனால் பொம்மியின் மருந்தைப் புட்டி புட்டியாக வீட்டுக்குத் திருடிக்கொண்டு வந்தேன். கூண்டறைப் புட்டியில் சமையல் எண்ணெயை ஊற்றி வைத்தேன். இரத்தம் எடுத்து மருந்தின் அளவைச் சோதிக்கும் நாள் நெருங்கும்போது மட்டும் நிஜ மருந்து கொடுத்தேன்.

பொம்மி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். என்னை அப்படி நம்பினாள்.

மூன்றாம் வாரம் அவள் முகம் வீங்கியது. சிறுநீர் நின்றது. அன்று மாலை எழ முடியாமல் படுத்தபடியே கோப்பையைத் தட்டினாள். அப்போதும் நான் சமையல் எண்ணெயைத்தான் கலந்தேன்.

விடிந்தபோது செத்துக் கிடந்தாள்.

"மருந்து கேட்கல. நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்," என்று டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் கூண்டைக் கழுவிவிட்டு, புக்கிட் பெருவாங்கில் இருந்த வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

அன்று மாலை ஆறு மணிக்குப் புனிதாவுக்கு மருந்தோடு மைலோ கலந்தேன். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அடுப்படியில் திடீரென்று புகை வாடை அடித்தது.

அடுப்பு எரியவில்லை.

டக், டக்.

ஜன்னல் கம்பியில்தான். போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை.

"அண்ணே, இன்னிக்கு மருந்து கசக்கவே இல்லைலா," என்றாள் புனிதா.

புட்டியை மோந்து பார்த்தேன். சமையல் எண்ணெய்.

இன்னும் திறக்காத அடுத்த புட்டியின் முத்திரையை உடைத்தேன். அதுவும் சமையல் எண்ணெய்.

வீட்டில் இருந்த நான்கு புட்டியும் அப்படித்தான்.

அப்போதே திரும்ப பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. புனிதாவுக்கு ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து கிடைக்க ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மூன்று வருடமாகிவிட்டது. புனிதா நன்றாக இருக்கிறாள். எந்த உயிரைக் கொன்று அவளைக் காப்பாற்றினேன் என்று அவளிடம் சொல்ல இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு நான் மைலோவோடு போகும்போது, என் காலடி கேட்டதும் அவள் காலிக் கோப்பையை ஜன்னல் கம்பியில் தட்டுகிறாள்.

டக், டக்.

"ஏன் புனிதா தட்டுற?" என்று நேற்றுத்தான் கேட்டேன்.

"நான் எங்கே தட்டினேன், அண்ணே?" என்றபடி அவள் கையை நீட்டினாள்.